கணக்கில் ஏறிய கடவுள்

‘நிஜத்துக்கும் மாயைக்கும் நடுவே இருக்கும் கோடு அழிந்துபோகிறது’ என்று ஒரு சிறுகதையைப் பாராட்டுவது இப்போது ரொம்பச் சகஜம். மதிப்புரையில், பின்னட்டையில், வெளியீட்டு விழா மேடையில் எங்கே பார்த்தாலும் இந்த வாக்கியம் தட்டுப்படுகிறது. கோடு அழிந்துவிட்டாலே கதை உயர்ந்துவிட்டது என்று ஒரு நினைப்பு. எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. கோட்டை அழிப்பது சுலபம். ஒரு கனவைப் போட்டால் போதும், ஒரு காய்ச்சலையோ பேயையோ போட்டால் போதும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. எல்லாம் கரைந்துகொண்டிருக்கிற கதைக்குள் கரையவே கரையாத ஒரு பொருளை, ஒரு செயலை, ஒரு பேச்சை வைக்கத் தெரிய வேண்டும். அப்படி ஒன்று உள்ளே இருக்கிற கதைகளே நிற்கின்றன, மற்றவை ஒரு வாசிப்போடு தீர்ந்துவிடுகின்றன என்பது என் கட்சி. அதைச் சில கதைகளை வைத்துப் பேசிப் பார்க்கிறேன். எதிர்த்துச் சொல்ல நிறைய இருக்கிறது, அதையும் பார்க்கலாம்.

புதுமைப்பித்தனிடமிருந்து தொடங்குவதுதான் முறை. ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ 1943-இல் கலைமகள் இதழில் வந்தது. சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கிற இடத்தில் கந்தசாமிப் பிள்ளை நிற்கிறார். அவர் தலைக்குள் ஓடுவது ஒரு காலணாப் பிரச்சினை. டிராமில் போனால் வெற்றிலை பாக்குக்குக் காசு மிஞ்சும். பஸ்ஸில் கண்டக்டர் கண்ணில் படாமல் சென்ட்ரலைத் தாண்டிவிட்டு அப்புறம் டிக்கெட் வாங்கினால் அரைக் கப் காப்பி குடிக்கலாம், ஆனால் வெற்றிலை கிடையாது. இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்டுக்கொண்டு கடவுள் வருகிறார். இருவரும் காப்பி குடிக்கப் போகிறார்கள். காப்பியின் ருசியைக் கடவுள் தன் லீலை என்று எண்ணிக்கொள்ள, அது ஹோட்டல்காரன் கலந்த சிக்கரியின் லீலை என்று பிள்ளை திருத்துகிறார். அதன் பிறகு கடவுள் பிள்ளையின் வீட்டில் தங்குகிறார், பிள்ளையின் மகள் வள்ளியோடு விளையாடுகிறார், நாட்டியம் ஆடிப் பிழைக்கப் பார்த்துத் தோற்றுப்போகிறார், கடைசியில் மறைந்துபோகிறார்.

இந்தக் கதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கடவுளின் தோல்வியைப் பற்றிப் பேசுவார்கள். மனிதர்களோடு உடன் இருந்து வாழ முடியாது, எட்ட நின்று வரம் தரத்தான் முடியும் என்று அவர் ஒப்புக்கொள்கிற இடம் பலருக்கும் மனப்பாடம். நான் அதற்குப் பின்னால் வரும் சின்ன விஷயத்தில் நிற்க விரும்புகிறேன். பிள்ளை ‘சித்த வைத்திய தீபிகை’ என்று ஒரு பத்திரிகை நடத்துகிறார். கதையின் ஆரம்பத்திலேயே கடவுளை அதற்கு ஆயுள் சந்தாதாரர் ஆகச் சொல்லிக் கேட்கிறார். யாருடைய ஆயுள் என்று கடவுள் கேட்க, பத்திரிகையின் ஆயுள் என்று பதில் வருகிறது. கடவுள் போன பிறகு மேஜையில் 25 ரூபாய் கிடக்கிறது. பிள்ளை அதை எடுத்து, கைலாசபுரத்துப் பரமசிவம் பிள்ளையின் பேரில் வரவு எழுதுகிறார். குழந்தை வள்ளி, தாத்தா ஊருக்குப் போய்விட்டாரா என்று விசாரிக்கிறாள். கதை அவ்வளவுதான்.

வந்தவர் கடவுளா, பொழுதுபோகாத ஒரு கிழவரா, பிள்ளையின் பகற்கனவா? கதை இந்தக் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்வதில்லை. ஆனால் 25 ரூபாய் வந்தது. அது புத்தகத்தில் ஏறிவிட்டது. நாளைக்கு யாராவது அந்தக் கணக்கைத் தணிக்கை செய்தால் கைலாசபுரத்துக்காரர் ஒருவர் சந்தா கட்டியிருக்கிறார் என்று மட்டுமே தெரியும். கடவுளின் தாண்டவம் மறைந்துபோகிறது, கடவுளே மறைந்துபோகிறார். ஒரு நஷ்டப் பத்திரிகையின் வரவுப் பத்தி மறையவில்லை. தொடக்கத்தில் அந்தக் காலணாக் கணக்கை அவ்வளவு பொறுமையாகச் சொன்னதும் இதற்காகத்தான். காசை அணா அணாவாக எண்ணுகிற ஒரு மனிதரின் நோட்டுப் புத்தகத்தை நாம் சந்தேகப்பட மாட்டோம். ஆகவே அந்தப் புத்தகத்துக்குள் கடவுள் நுழைந்துவிட்டால் அவரைச் சந்தேகப்படுவதும் கஷ்டமாகிவிடுகிறது.

அதே 1943-இல் வந்த ‘காஞ்சனை’ இதே காரியத்தை இருட்டில் செய்கிறது. கதை சொல்கிறவன் ஒரு எழுத்தாளன். பொய் சொல்லிப் பிழைக்கிறவன் என்று தன்னைத்தானே அறிமுகம் செய்துகொள்கிறான். ஒரு ராத்திரி தூக்கம் வராமல் கிடக்கிறபோது பிணம் கருகுகிற மாதிரி நாற்றம் அடிக்கிறது. மனைவியை எழுப்பிக் கேட்டால் அவளுக்கு லேசான ஊதுவத்தி வாசனைதான் தெரிகிறது. யாரோ எங்கோ ஏற்றி வைத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறாள். பிற்பாடு வாசலுக்குப் பிச்சை கேட்டு வந்த ஒரு பெண்ணை மனைவி வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அவள் பெயர் காஞ்சனை. அவளுடைய கால் தரையில் பாவுகிறதா என்று கணவன் உற்று உற்றுப் பார்க்கிறான். கடைசியில் ஒரு நடுராத்திரியில் வாசலில் வந்து நிற்கும் பிச்சைக்காரன் ஒருவன், காஞ்சனை போய்விட்டாள், இதை அம்மாவின் நெற்றியில் பூசு என்று விபூதி கொடுக்கிறான்.

புதுமைப்பித்தன் வாசனையைத் தேர்ந்தெடுத்ததை யோசித்துப் பாருங்கள். கண்ணால் பார்த்ததை இன்னொருவரிடம் காட்டலாம். சத்தம் கேட்டால் ‘உனக்கும் கேட்டதா’ என்று கேட்கலாம். வாசனை விஷயத்தில் அந்த உறுதி பாதிதான் கிடைக்கும். ஒரே அறையில் படுத்திருக்கும் இரண்டு பேருக்கு ஒரே காற்றில் இரண்டு வாசனை. அந்த நிமிஷத்திலேயே கணவன் தனியாகிவிட்டான். அதற்கு மேல் வரும் பேய் விவகாரம் எல்லாம் அந்தத் தனிமையின் நீட்சி என்றுகூடச் சொல்லலாம். அப்புறம் அந்த முடிவு. மூன்று நாள் கழிகிறது. காலையில் காப்பி கொடுக்கும்போது மனைவி, இந்த ஆம்பிளைகளே இப்படித்தான் என்கிற பொருளில் ஒரு வார்த்தை சொல்கிறாள். அவனிடம் பதில் இல்லை. இந்த இடத்தில் பேய்க்கதை ஒன்றும் முடியவில்லை, ஒரு குடும்பம் மிச்சமிருக்கிறது. அவள் எதைப் பற்றிச் சொன்னாள்? அவன் பயத்தையா, வேலைக்கு வந்த பெண்ணை அவன் உற்று உற்றுப் பார்த்ததையா? விபூதி வெறும் விபூதியா என்பதைவிட இந்தக் கேள்விதான் படித்து முடித்த பிறகு நம்மை விடமாட்டேன் என்கிறது. பேய் கரைந்துவிட்டது. அவள் சொன்ன அந்தப் பேச்சு கரையவில்லை.

இதற்கு ஒரு தரப்பிலிருந்து உடனே எதிர்ப்பு வரும். வேதாளம் முருங்கை மரத்தில் தொங்கிய நாட்டில், விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு, இதெல்லாம் என்ன புதுசு என்பார்கள். புதுசுதான். விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் பேசினால் ராஜா தன் மூளையைச் சந்தேகப்படுவதில்லை. கேட்கிறவர்களும் சந்தேகப்படுவதில்லை. அந்த உலகத்தில் பிணத்துக்குள் வேதாளம் குடியேறுவது நடக்கக்கூடிய காரியம். அங்கே அதிசயம் உண்டு, மயக்கம் கிடையாது. மயக்கம் வர வேண்டுமானால் நம்பாத ஒருவன் வேண்டும். செய்தித்தாள் படிக்கிற, டிராமில் போகிற, காப்பியில் சிக்கரி இருக்கிறதா என்று கண்டுபிடிக்கத் தெரிந்த ஒருவன். பழைய கதைமரபின் செல்வத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தச் செல்வத்தை நம்பாதவனின் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது இருபதாம் நூற்றாண்டுச் சிறுகதை செய்த வேலை என்கிறேன்.

விமர்சகர் த்ஸ்வெதான் தொதரோவ் 1970-இல் பிரெஞ்சில் எழுதிய புத்தகம் இந்த வகை எழுத்துக்கு ஓர் இலக்கணம் சொன்னது. நடந்ததை இயற்கையாக விளக்கலாமா, இயற்கைக்கு அப்பாற்பட்டது என்று ஏற்பதா என்று வாசகர் தயங்கும் நேரம்தான் இந்த வகையின் உயிர்; தயக்கம் எந்தப் பக்கமாவது தீர்ந்துவிட்டால் கதை வேறு வகைக்குப் போய்விடும் என்பது அவர் வாதம். ‘காஞ்சனை’க்கு இது அப்படியே பொருந்தும். கந்தசாமிப் பிள்ளைக்குப் பொருந்தாது. அவர் தயங்கி நேரத்தைக் கடத்துவதில்லை. வந்தவர் கடவுள் என்று தெரிந்ததும் வீட்டில் தங்கலாம், ஆனால் மனிதனைப் போல நடந்துகொள்ள வேண்டும் என்று நிபந்தனை போடுகிறார். நாமும் தயங்குவதில்லை. ஆனாலும் மயக்கம் இருக்கிறது. ஆகவே தயக்கத்தை மட்டும் உயிர்நிலை என்று சொல்வது போதவில்லை. தயங்கினாலும் தயங்காவிட்டாலும், முடிவில் நம் கையில் மிஞ்சுவது எது என்று கேட்பதுதான் அதிகக் கதைகளுக்கு ஈடுகொடுக்கிறது.

அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸின் ‘தெற்கு’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1953-இல் புவனோஸ் ஐரஸின் லா நாசியோன் நாளிதழில் வந்தது. ஹுவான் டால்மன் நகராட்சி நூலகம் ஒன்றில் வேலை பார்க்கிறவன். 1939 பிப்ரவரியில், ஆயிரத்தொரு இரவுகளின் ஒரு பிரதி கையில் கிடைத்த அவசரத்தில், இருட்டுப் படிக்கட்டில் ஏறும்போது புதிதாக வர்ணம் பூசிய ஜன்னல் கதவின் விளிம்பில் நெற்றி இடித்துக்கொள்கிறான். ரத்தத்தில் நஞ்சு கலந்து மருத்துவமனையில் சாவின் விளிம்புக்குப் போகிறான். போர்ஹெஸுக்கே 1938 கிறிஸ்துமஸ் சமயத்தில் இதே மாதிரி விபத்து நடந்து இதே மாதிரி ரத்தம் நஞ்சானது; அவரும் அப்போது நகராட்சி நூலகத்தில்தான் வேலை பார்த்தார். கதையில் டால்மன் தேறிவிட்டான் என்கிறார்கள். உடம்பைத் தேற்ற, தெற்கே இருக்கும் குடும்பப் பண்ணை வீட்டுக்கு ரயில் ஏறுகிறான். ரயில் வழக்கமான நிலையத்துக்கு முன்பே நிற்கிறது. ஒரு கடையில் சாப்பிடும்போது பக்கத்து மேஜை முரடர்கள் ரொட்டியை உருட்டி எறிந்து வம்புக்கு இழுக்கிறார்கள். மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழட்டு மாட்டுக்காரர் அவன் காலடியில் ஒரு கத்தியை வீசுகிறார். அவன் குனிந்து எடுக்கிறான். எடுத்துவிட்டால் சண்டை போட்டே ஆக வேண்டும். கத்தி பிடிக்கத் தெரியாதவன் வெளியே போகிறான்.

இது நடந்ததா, அல்லது மருத்துவமனைக் கட்டிலில் செத்துக்கொண்டிருப்பவன் காணும் காட்சியா? குறிப்புகளைப் போர்ஹெஸ் ரொம்ப நேர்மையாகச் சிந்தியிருக்கிறார். கடைக்காரரின் முகம் எங்கோ பார்த்தது போல இருக்கிறது. மருத்துவமனை ஊழியர் ஒருவரின் சாயல் என்று டால்மனே நினைத்துக்கொள்கிறான். முன்பின் பார்த்திராத அந்தக் கடைக்காரர் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். பயணத்தின் நடுவே, போகிறவன் ஒருவன், மருத்துவமனையில் அடைபட்டுக் கிடப்பவன் ஒருவன் என்று தான் இரண்டு பேராக இருப்பதுபோல அவனுக்குத் தோன்றுகிறது. 1956-இல் தொகுப்பில் இந்தக் கதையைச் சேர்த்தபோது போர்ஹெஸ் ஒரு குறிப்பு எழுதினார்: இது ஒருவேளை தன் மிகச் சிறந்த கதையாக இருக்கலாம், நேராக நடந்த சம்பவமாகவும் படிக்கலாம், வேறு விதமாகவும் படிக்கலாம் என்று. அந்த ‘வேறு விதம்’ என்ன என்று அவர் அங்கே விளக்கவில்லை.

இங்கே எது கரையவில்லை? இரண்டு வழியில் படித்தாலும் அவன் சாகப் போகிறான். நிஜமாகப் போனான் என்றால் கத்திக்குச் சாவான். போகவே இல்லை என்றால் ஊசிக்கும் சுரத்துக்கும் நடுவே சாவான். ஆனால் இரண்டிலும் அவன் குனிந்து கத்தியை எடுத்தான். மருத்துவமனையில் முதல் ராத்திரி தனக்கு ஒரு சாவைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்திருந்தால் இதைத்தான் தேர்ந்தெடுத்திருப்போம் என்று அவனே நினைக்கிறான். அந்தத் தேர்வு நிஜத்திலும் செல்லும், கனவிலும் செல்லும். கதை முழுக்க இறந்தகாலத்தில் நடந்து வந்துவிட்டு, கடைசி வாக்கியம் மட்டும் நிகழ்காலத்துக்குத் தாவுகிறது. அவன் வெளியே போய்க்கொண்டே இருக்கிறான், இன்னும் சாகவில்லை. இதற்கு மேல் ஒரு வாக்கியம் எழுதியிருந்தாலும் போர்ஹெஸ் ஏதாவது ஒரு பக்கம் சாய வேண்டியிருந்திருக்கும்.

இப்போது கடுமையான எதிர்ப்புக்கு வருவோம். இதெல்லாம் முடிக்கத் தெரியாதவர்களின் தந்திரம், வாசகரை ஏமாற்றும் வேலை என்பது அது. பாதிக்கு மேல் இந்தக் குற்றச்சாட்டு உண்மை. நம் வார இதழ்களின் ஒரு பக்கக் கதைகளில் இது எத்தனை முறை நடந்திருக்கிறது! ரயிலில் கூட வந்து வாய் ஓயாமல் பேசிய பெரியவர் செத்துப் பத்து வருஷம் ஆகிவிட்டது என்று கடைசி வரியில் தெரியவரும். இல்லையென்றால் திடுக்கிட்டு விழித்துக்கொள்வார்கள். இந்த முடிவுகளால் என்ன ஆகிறது? அதுவரை நாம் நம்பிய பேச்சு, பட்ட கஷ்டம், எடுத்த முடிவு எல்லாம் ஒரே வரியில் செல்லாக் காசாகிவிடுகிறது. எதுவும் மிஞ்சவில்லை. இரண்டாம் முறை படிக்கக் காரணமே இல்லை.

ஆனால் கனவு முடிவு என்றாலே மட்டம் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்க எழுத்தாளர் ஆம்ப்ரோஸ் பியர்ஸ் 1890-இல் எழுதிய ‘ஆந்தை ஓடைப் பாலத்தில் ஒரு சம்பவம்’ கதையில், உள்நாட்டுப் போரின்போது அலபாமாவில் ஒரு பாலத்தில் தூக்கிலிடப்படுகிறவனின் கயிறு அறுந்து, அவன் ஆற்றில் நீந்தித் தப்பித்து வீடு வரைக்கும் போய்விடுகிறான். கடைசியில் பார்த்தால் கயிறு அறுபடவே இல்லை. அவன் பாலத்துக்கு அடியில் தொங்குகிறான். பச்சையான கடைசி வரி முடிவு. இருந்தும் இந்தக் கதை நூற்று முப்பது வருஷமாகப் படிக்கப்படுகிறது. காரணம், தள்ளிவிடப்படுவதற்கு முன்னாலேயே அவனுக்கு ஒரு சத்தம் கேட்கிறது. கருமான் பட்டறையில் சம்மட்டி விழுவது போன்ற சத்தம், ஒவ்வொரு அடிக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போகிறது. அது அவனுடைய கடிகாரத்தின் டிக் டிக். நேரம் அவனுக்குள் இழுபடத் தொடங்கிவிட்டது என்று பியர்ஸ் அங்கேயே சொல்லிவிட்டார், கவனிக்காதது நாம். ஆகவே இரண்டாம் வாசிப்பு முதல் வாசிப்பைவிடக் கனமாக இருக்கிறது. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ‘தெற்கு’தான் பெரிய கதை என்பேன். பியர்ஸ் விடையைக் கையில் கொடுத்துவிடுகிறார். விடை கிடைத்த பிறகு நமக்கு வேலை குறைந்துவிடுகிறது.

அர்ஜென்டினாவின் இன்னொரு எழுத்தாளர் ஹுலியோ கொர்த்தாஸார் 1956-இல் வெளியிட்ட ‘முகம் மேலே பார்த்த இரவு’ இன்னும் துணிச்சலானது. மோட்டார் சைக்கிள் விபத்தில் மாட்டி மருத்துவமனையில் மல்லாந்து படுத்திருப்பவனுக்கு, பலிகொடுக்க ஆள் பிடிக்கும் அஸ்டெக் வீரர்களிடமிருந்து தப்பி ஓடுவதாகக் கனவு வருகிறது. அந்தக் கனவில் வாசனைகள் இருக்கின்றன. தன் கனவில் வாசனை வந்ததே இல்லையே என்று அவனே யோசிக்கிறான். (காஞ்சனையின் நாற்றம் இங்கே ஞாபகம் வராமல் இருக்காது.) முடிவில் எல்லாம் தலைகீழாகிறது. பலிபீடத்துக்குத் தூக்கிச் செல்லப்படுகிறவன்தான் நிஜம், நகரமும் மோட்டார் சைக்கிளும் அவன் கண்ட கனவு. விழித்துக்கொள்ளும் முடிவையே கொர்த்தாஸார் திருப்பிப் போட்டுவிட்டார். இங்கும் ஒன்று அசையாமல் இருக்கிறது: இரண்டு உலகத்திலும் ஒரு மனிதன் மல்லாந்து கிடக்கிறான், அவனை யாரோ தூக்கிக்கொண்டு போகிறார்கள், கத்தி மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் அவனை நோக்கி வருகிறார். அறுவைச் சிகிச்சை மருத்துவரும் பூசாரியும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். எந்த உலகம் நிஜமானாலும் அந்த உடம்பின் கையாலாகாத பயம் ஒன்றுதான்.

இன்னொரு எதிர்ப்பு நம் ஊருக்கே உரியது, அதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. சாமியாட்டம், செய்வினை, பேய் ஓட்டுதல் என்று ஏற்கெனவே ஏழை மக்கள் காசையும் மானத்தையும் இழந்துகொண்டிருக்கும் சமூகத்தில், படித்த எழுத்தாளரும் பேய் இருக்கலாம் என்கிற மாதிரி எழுதினால் அது யாருக்குத் துணை போகும்? முற்போக்குத் தரப்பும் பகுத்தறிவுத் தரப்பும் இதைக் கேட்க முழு உரிமை உண்டு. என் பதில், மூடநம்பிக்கைக்கு மயக்கம் ஆகாது என்பதே. பேய் ஓட்டுகிறவர் ‘இருக்கலாம்’ என்று சொல்லிக் காசு வாங்க முடியாது; இருக்கிறது என்று அடித்துச் சொல்லியாக வேண்டும். ‘காஞ்சனை’யோ விபூதியின் சக்திக்குக்கூடச் சான்றிதழ் தருவதில்லை. பூசினான், மூன்று நாள் போனது, அவ்வளவே. கந்தசாமிப் பிள்ளை கதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. கடவுள் உண்டா இல்லையா என்று வாதாடாமல், கடவுள் வந்தால் இந்தச் சென்னையில் என்ன செய்து பிழைப்பார் என்று கேட்கிறது. உலகத்தையே ஆட்டிவைப்பதாகச் சொல்லப்படும் அந்தத் தாண்டவத்துக்கு ஒரு நாட்டியப் பிரமுகரிடம் வாய்ப்பு கிடைக்கவில்லை. யுத்த காலத்தில் எழுதப்பட்ட கதை அது. அந்த நகரத்தில் உழைப்புக்கும் கலைக்கும் என்ன விலை என்பதை அந்த ஒரு காட்சி சொல்கிற அளவுக்கு நேரடியான வறுமைக் கதைகளில் பலவும் சொல்லவில்லை. நிஜத்தை விட்டு ஓடிப்போவதற்கு ஒருவர் கடவுளைக் கொண்டுவந்தால் குற்றம் சொல்லலாம். இங்கே புதுமைப்பித்தன் கடவுளையே நிஜத்துக்குள் இழுத்து வந்து வாடகை வீட்டில் உட்கார வைத்திருக்கிறார்.

இதெல்லாம் ஏன் சிறுகதையில் இவ்வளவு நன்றாக நடக்கிறது, நாவலில் நடப்பதில்லையா என்றால், நாவலில் வேறு மாதிரி நடக்கிறது. ஒரே அமர்வில் படித்து முடிப்பதால் கிடைக்கும் ஒருமைதான் கதையின் பலம் என்று எட்கர் ஆலன் போ 1842-இலேயே எழுதினார். அந்த ஒரே அமர்வு மயக்கத்துக்கு ரொம்ப முக்கியம். மார்க்கேஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலில் ஒரு பெண் படுக்கை விரிப்புகளோடு வானத்தில் ஏறிப் போகிறாள். அற்புதமான இடம். ஆனால் அதற்குள் நாம் அந்த ஊரில் பல நாள் குடியிருந்துவிட்டோம், இங்கே இப்படி நடக்கும் என்று பழகிவிட்டோம். நாவல் தனக்கென்று ஒரு சட்டம் போட்டு நம்மை அதற்குக் குடிமக்களாக்கிவிடும். சிறுகதைக்கு அந்த அவகாசம் கிடையாது. நாம் இன்னும் நம் சட்டத்திலேயே இருக்கிறபோது அது முடிந்துவிடுகிறது.

இதற்கு ஒரு நல்ல அத்தாட்சி ஜப்பானில் கிடைக்கிறது. அகுதாகவா 1922-இல் எழுதிய ‘புதருக்குள்ளே’ கதையில் ஒரு சாமுராய் செத்துக் கிடக்கிறான். அதைப் பற்றி ஏழு பேர் பேசுகிறார்கள். கொள்ளைக்காரன் தான் கொன்றதாகச் சொல்கிறான், மனைவி தான் கொன்றதாகச் சொல்கிறாள், செத்தவனின் ஆவி ஒரு பெண்ணின் உடம்பில் இறங்கி வந்து தானே குத்திக்கொண்டதாகச் சொல்கிறது. கதை அங்கேயே நின்றுவிடுகிறது. மூன்று பேரும் பழியை அடுத்தவர் மேல் போடவில்லை, தங்கள் மேலேயே போட்டுக்கொள்கிறார்கள் என்பதுதான் இதில் திகைக்க வைப்பது. பிணம் ஒன்று, அதுமட்டும் மாறாது. இயக்குநர் குரோசவா 1950-இல் ‘ராஷோமோன்’ படத்தை எடுத்தபோது இந்தக் கதையைத்தான் உடம்பாக வைத்துக்கொண்டார். ஆனால் பிணத்தைக் கண்டெடுத்த விறகுவெட்டிக்கு நடந்ததை நேரில் பார்த்ததாக ஒரு நான்காவது கதை கொடுத்தார். முடிவில் கைவிடப்பட்ட ஒரு குழந்தையை அவன் எடுத்துக்கொண்டு போவதாகவும் வைத்தார். படம் மகத்தானது. அந்தக் குழந்தையைப் பார்க்கும்போது நெஞ்சு இளகத்தான் செய்கிறது. ஆனாலும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தவர்களை அப்படியே எழுப்பி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை என்றுதான் அதைப் புரிந்துகொள்கிறேன். சில பக்கங்களில் அகுதாகவாவால் அது முடிந்தது.

கடைசியாக, என் வாதத்துக்கு எல்லோரையும்விட அதிகத் தொல்லை கொடுக்கிறவர் மௌனி. 1907-இல் பிறந்து 1985-இல் மறைந்தவர், மொத்தமே சுமார் இரண்டு டஜன் கதைகள்தான். அவரைத் தமிழ்ச் சிறுகதையின் திருமூலர் என்று சொன்னவர் புதுமைப்பித்தன். மௌனியிடம் அணாக் கணக்கு கிடையாது, தெருப் பெயர் கிடையாது, பாத்திரங்களுக்குப் பல சமயம் பெயரே கிடையாது. எல்லாமே தோன்றியது, போலிருந்தது, போலும் என்று முடிகிற வாக்கியங்கள். நிஜம் கெட்டியாக இருந்தால்தான் மாயை பிடிக்கும் என்று நான் இவ்வளவு நேரம் சொன்னதற்கு அவர் நேர் எதிர். இதைக் காட்டி யாராவது என்னை மடக்கினால் சட்டென்று பதில் சொல்வது கஷ்டம்தான்.

1937-இல் மணிக்கொடி இதழில் வந்த ‘அழியாச்சுடர்’ கதையை வைத்துக்கொண்டு யோசிக்கிறேன். ஒருவன் ஜன்னல் வழியாக இலையில்லாத ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டே தன் நண்பனிடம் பேசுகிறான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கோயிலில் ஒரு பெண்ணைப் பார்த்ததையும், உனக்காக எதையும் செய்வேன் என்று அவளிடம் தன் வாயால் சொன்னதையும் சொல்கிறான். அப்போது தூணில் இருந்த யாளி எழுந்து நின்று முறைத்தது போல இருந்ததாம். கல் யாளி எழுந்ததா? எழவில்லை என்பது அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஆனால் கோயில் மண்டபத்து அரையிருட்டில், பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கும் யாளித் தூணுக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு அந்தக் கல் எவ்வளவு சுலபமாக அசையும் என்பதும் தெரியும். மௌனிக்கு வேண்டிய நிஜம் அங்கே இருக்கிறது. அது சந்தைக் கணக்கில் இல்லை, புலன் வாங்கிக்கொண்டதில் இருக்கிறது. அதில் அவர் புதுமைப்பித்தனுக்குக் கொஞ்சமும் குறையாத துல்லியக்காரர். அந்த மரத்தின் கிளைகளை அவர் எழுதியிருப்பதைப் படித்தால் தெரியும்.

கரையாதது? அந்த வாக்குறுதி. அந்தப் பெண் நிஜமா, அவள் மறுபடியும் கோயிலுக்கு வந்தாளா, பார்த்தது அவளைத்தானா என்று எதை வேண்டுமானாலும் சந்தேகப்படலாம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சொன்ன சொல் அவனைப் பிடித்து வைத்திருப்பதைச் சந்தேகப்பட முடியாது. அந்த அறையில் அவன் உட்கார்ந்திருப்பதே அதனால்தான். கந்தசாமிப் பிள்ளை 25 ரூபாயை வரவு வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகலாம். மௌனியின் ஆளுக்கு அது பற்று, அவன்தான் கட்டித் தீர்க்க வேண்டும். எப்படித் தீர்த்தான் என்பதைக் கதை சொல்வதில்லை. மௌனியிடம் புகார் சொல்கிறவர்கள் அவர் புரியவில்லை என்கிறார்கள். அந்த வாக்குறுதியைக் கையில் பிடித்துக்கொண்டு கதையை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். புரியாத வரிகள் அப்போதும் சில இருக்கும். அவன் என்ன செய்யத் தயாராகிறான் என்பதில் மட்டும் குழப்பம் இருக்காது.